ஆன்மிகப் பராமரிப்புப் பயிற்சி: ஒரு நர்ஸின் அனுபவம்

நோயாளிகளுக்கு ஆன்மிகப் பராமரிப்பு தருவது பற்றிப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தபோது, எங்கள் வார்டில் பலர் பெயர் கொடுக்கத் தயங்கினார்கள். மதப் பிரசாரமாக இருக்குமோ என்ற சந்தேகம். கடவுள் நம்பிக்கை இல்லாத தோழி ஒருவர், "எனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டார். அப்புறம் அவரும் சேர்ந்தார். வகுப்பில் நோயாளியிடம் மிக இயல்பாகப் பேசியவர் அவர்தான்.

பாடம் சிசிலி சாண்டர்ஸிலிருந்து தொடங்கியது. நர்ஸாக இருந்து, மருத்துவச் சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-இல் லண்டனில், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பு வலி, மன வேதனை, குடும்பக் கவலை, 'எதற்காக வாழ்ந்தேன்' என்ற தவிப்பு எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை 'முழு வலி' என்றார் அவர். மார்ஃபின் அளவைக் கூட்டியும் வலி அடங்காதவர்களைப் பார்த்திருக்கும் எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது கேள்வி கேட்கும் முறை. கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற டாக்டர் 1996-இல் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கிய 'ஃபைகா'வைக் கற்றுக்கொண்டோம். உங்களுக்குத் தெம்பு தரும் நம்பிக்கை எது, அது உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், அதில் உங்களுக்குத் துணை யார், சிகிச்சையில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று நான்கு பகுதி. படிவம் நிரப்புவது போல வரிசையாகக் கேட்டால் நோயாளி ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார். "இந்த நாட்களை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று தொடங்கினால் மற்றவை தானாக வரும்.

பயிற்சியின் உயிர் என்று நான் நினைப்பது உரையாடல் பதிவுதான். நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரி வரியாக, மௌனம் உட்பட, அடையாளம் தெரியாதபடி எழுதி, குழுவில் படிக்க வேண்டும். ஒருவரின் பதிவில் நோயாளி, "நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன் சிஸ்டர்?" என்று கேட்டிருந்தார். நம் வாயில் சட்டென்று வருவது, "அப்படியெல்லாம் நினைக்காதீங்க." நல்ல மனதோடுதான் சொல்கிறோம், ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த நர்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அந்த எண்ணம் எப்போதெல்லாம் வருகிறது?" என்று கேட்டிருக்கிறார். நெடுநேர மௌனம். பிறகு, வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கும் தம்பியைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினாராம். அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாமல் இருந்ததைத்தான் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்.

எல்லைகளிலும் கண்டிப்பு இருந்தது. நம் நம்பிக்கையை நோயாளி மேல் திணிக்கக் கூடாது. அவர் கேட்டால் பிரார்த்தனையின்போது கூட இருக்கலாம். நாமாகத் தொடங்கக் கூடாது. குற்ற உணர்வு முற்றினால், சாக வேண்டும் என்று பேசினால், உடனே டாக்டருக்கும் மனநல ஆலோசகருக்கும் தெரிவிக்க வேண்டும். மதச் சடங்கு வேண்டுமென்றால் அவர் விரும்பும் மதகுருவை வரவழைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதும் உடம்பு துடைத்துவிடும்போதும் நம் கைதான் வேலை செய்கிறது, காது சும்மாதானே இருக்கிறது? பெரும்பாலான பேச்சு அப்போதுதான் நடக்கிறது. கேட்டதில் சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும், நோயாளியின் சம்மதத்தோடு, ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்கிறேன். இல்லாவிட்டால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

பயிற்சியில் சேர நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நோயாளியோடு பேசி, அதை எழுதி, பயிற்றுநரின் கருத்தைப் பெறும் பகுதி இருக்கிறதா? வெறும் சொற்பொழிவு என்றால், அப்படி ஒரு பகுதி இருக்கும் பயிற்சிக்காகக் காத்திருக்கலாம்.