பாப்பாவுக்கு ஆட்டிசமா? என் நாட்குறிப்பிலிருந்து

ஜூன் 10

பத்தாம் வகுப்பு, முதல் நாள். நாலரைக்கு வீட்டுக்கு வந்த என் மகள் பையைக்கூடக் கழற்றாமல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்தாள், ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. டீச்சரைக் கேட்டால் "உங்க பொண்ணு மாதிரி அமைதி யாருமில்லைங்க" என்கிறார்.

ஜூன் 16

மேசையைத் துடைக்கும்போது ஒரு பழைய நோட்டு விழுந்து திறந்துகொண்டது. போன மாதக் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறாள். "சித்தி கேட்டால்: நல்லா இருக்கேன் சித்தி, நீங்க எப்படி இருக்கீங்க. உடனே சிரிக்கணும். கோலத்தைப் பத்திப் பேசக் கூடாது." இப்படி நாலு பக்கம், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தனித்தனியாக. படித்துவிட்டதை அவளிடம் சொன்னேன். "எல்லாரும் இதை மனசுக்குள்ள எழுதி வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்மா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கோலமும்தான். ஆறு வயதிலிருந்து அதே 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. ஒரு புள்ளி தள்ளிப் போனால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதே பிடிவாதம் ஒரு பையனுக்கு மின்விசிறி மேல் இருந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்போம், பெண் பிள்ளை கோலம் போட்டதால் ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன்.

ஜூன் 27

மற்றவர்களோடு பழகுவதே பிறவியிலிருந்து கஷ்டமாக இருக்கும் ஆட்டிசமோ என்று சந்தேகம் வந்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். பத்து நிமிஷம் பார்த்தார். "கண்ணைப் பார்த்துப் பேசுறா, நல்லா படிக்கிறா, ஆட்டிசம்னு யார் சொன்னது?" அவ்வளவுதான். ஆட்டோவில் இவள் சொல்கிறாள்: "நான் அவர் கண்ணைப் பார்க்கலைம்மா, புருவத்துக்கு நடுவுல பார்த்தேன். ஏழாவதுல டீச்சர் திட்டினதிலிருந்து அப்படித்தான்."

ராத்திரி தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள், அதில் 3 பேர் பெண்கள். அப்போதே பெண் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

ஜூலை 5

நாத்தனார் போன் செய்து "ஆட்டிசம்னு பேர் வச்சுட்டா நாளைக்கு யார் பொண்ணு எடுப்பாங்க அண்ணி?" என்றார். அவர் பயம் புரிகிறது. ஆனால் பேர் வைக்காத இந்த வருஷங்களில் "திமிர்", "அழுத்தக்காரி" என்று ஊரே பேர் வைத்துக்கொண்டுதானே இருந்தது.

ஜூலை 23

முட்டுக்காடு நிப்மெட், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம். செங்கல்பட்டிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பினோம். ஐசா என்ற அளவுகோல், 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். இப்போது எப்படி இருக்கிறாள் என்பதைவிட மூன்று வயதில் எப்படி இருந்தாள் என்றுதான் குடைந்து குடைந்து கேட்டார்கள், நான் எதையும் எழுதி வைக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "மேளச் சத்தம் கேட்டா கட்டிலுக்கடியில போயிடுவாளே, மறந்துட்டியா?" என்றார். மறந்துதான் போயிருந்தேன். கண்ணைப் பார்ப்பது பற்றிய கேள்வி வந்தபோது இவளே நோட்டை எடுத்து நீட்டினாள். கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நிப்மெட் அம்மா நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதையெல்லாம் செய்யறதுக்கு எவ்வளவு களைப்பா இருக்கும்?" என்று அவளிடமே கேட்டார். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி, பெற்றவள் நானும் சேர்த்து.

84 வந்தது. லேசான ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் கேளம்பாக்கம் வரை ஊடுபுள்ளிக்கும் நேர்ப்புள்ளிக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜூலை 25

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழ் வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கலாம். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், என் கணவரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் முதலில் எழுதச் சொன்னது தேர்வைப் பற்றி இல்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அனுமதி வேண்டுமாம்.