எந்த ஊர் சுந்தாங்?

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில், கார்பன் சந்தையில் கத்தி விற்கும் அம்மாவிடம் "இதாக் இருக்கா?" என்று கேட்டேன். மணிலாவில் இரண்டு நாள் தங்கிய தெம்பில் பொறுக்கிய தகாலோக் மொழிச் சொல். அவர் சிரித்தபடி, "சுந்தாங்" என்று திருத்தினார். பொருள் ஒன்றுதான்: இளநீர் சீவ, மூங்கில் பிளக்க, விறகு வெட்ட என்று எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் வெட்டுக்கத்தி. பக்கத்துப் பனாய் தீவில் அதுவே பினாங்கோன். நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான் எல்லாவற்றையும் 'போலோ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

கடையில் நீளமாக இன்னொன்று தொங்கியது. அதன் பெயர் பினூதி. 'பூதி' என்றால் வெள்ளை. உடம்பெல்லாம் உலைக்கரி படிந்த கறுப்பு. தீட்டித் தீட்டி வெளுத்த விளிம்பு மட்டும் ஒரு கோடாகப் பளபளத்தது. பெயர்க்காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. இரும்பு? ஜீப்னி என்னும் உள்ளூர்ப் பயணிகள் வண்டியின் பழைய பட்டை ஸ்பிரிங்தான். அதை 'மோல்யே' என்கிறார்கள், ஸ்பானியரிடமிருந்து வந்த சொல். கொல்லருக்குப் பெயர் பந்தாய்.

எனக்குக் கட்டுப்படியானது சிறிய சுந்தாங்தான். வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மக்தான் தீவு. மெகல்லனை எதிர்த்த உள்ளூர்த் தலைவன் லாபுலாபுவின் சிலையின் கையில் இருப்பது கம்பிலான், நுனியை நோக்கி அகலும் நீண்ட வாள். 1521 ஏப்ரல் 27 அன்று ஸ்பெயினுக்காகக் கடலோடிய மெகல்லன் இங்கேதான் மடிந்தார். கூட வந்த பிகாஃபெட்டா, மெகல்லன் இடது காலில் பெரிய வாளால் வெட்டப்பட்டதாக எழுதினார். வாளின் உள்ளூர்ப் பெயரைக் குறிக்கவில்லை. தனக்குத் தெரிந்த வளைவாளோடு ஒப்பிட்டதோடு சரி. எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

திரும்பும் வழியில் மணிலா அருங்காட்சியகத்தில், நெளிநெளியான ஒரு வாள் முன் நின்றேன். "கிரிஸ்தானே?" என்றேன். பக்கத்தில் நின்ற, தென் பிலிப்பைன்ஸின் மகிந்தனாவோ இனத்து இளைஞர், "எங்க ஊர்ல இதுதான் சுந்தாங். சூலு தீவுகள்ல தௌசுக் இனக்காரங்க கலிஸ்னு சொல்வாங்க" என்றார்.

செபுவில் வாங்கிய என் சுந்தாங்கின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது தேங்காய் வெட்டுற கத்தியாச்சே?"