நுங்கம்பாக்கம் முதல் காவலூர் வரை

1861 ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் அமைந்தது. புராணத் தெய்வங்களின் பெயர்களே பெரிதும் சூட்டப்பட்டுவந்த அக்காலத்தில், கிரேக்கப் புராணத்தின் ஆசியா என்ற தெய்வத்தையும் கண்டத்தையும் ஒருசேரக் குறித்த அது அழகான தேர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது.

127 ஆண்டுகளுக்குப் பின், 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டறிந்த சிறுகோளுக்கு முதலில் கிடைத்தது ‘1988 டிக்யூ1’ என்ற தற்காலிகக் குறியீடு மட்டுமே. அதிலுள்ள ‘டி’ என்னும் எழுத்து பிப்ரவரியின் பிற்பாதியைக் குறிக்கும். சுற்றுப்பாதை ஐயமறக் கணிக்கப்பட்ட பிறகே நிரந்தர எண் தரப்படுகிறது; அதிலிருந்து பத்து ஆண்டுகள்வரை பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு என்றாலும், பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழு ஏற்றால்தான் அது நிலைக்கும். பெயருக்குரியவர் அரசியல், போர் ஆகியவற்றால் அறியப்பட்டவர் என்றால், அவர் மறைந்து 100 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். இது மிக நியாயமான விதி.

காவலூர்ச் சிறுகோளுக்குப் பெயர் தந்த கணித மேதை ராமானுஜனுக்கு அத்தகைய காத்திருப்பு தேவைப்படவில்லை. 32 வயதில் மறைந்த அவரின் பெயரோடு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ‘4130 ராமானுஜன்’ இன்றும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.