இணையதளங்களைத் தரம் பார்த்த அனுபவம்: முத்திரையையும் தேதியையும் நம்பி இழந்த வாரங்கள்

எங்கள் பெற்றோர் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுப்பதற்காக, குழந்தை வளர்ப்பு, தம்பதியர் உறவு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்றுத்தரும் இணையதளங்களில் நம்பத் தகுந்தவற்றைத் தேர்ந்து தரும் பொறுப்பை ஏற்றிருந்தேன். 31 தளங்களைத் தேடித் தொகுத்தது ஒரே மாலை வேலை. தரம் பார்க்கும் வேலையோ ஆறு வாரங்களை விழுங்கியது. அவற்றில் இரண்டு வாரங்கள் முற்றிலும் வீணாயின.

முதல் தவறு மதிப்பீட்டுப் படிவத்தில் நேர்ந்தது. மருத்துவத் தகவல்களை எடைபோடப் பயன்படும் 'டிஸ்கர்ன்' என்ற படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முதல் எட்டுக் கேள்விகள் தகவலின் நம்பகத்தன்மையைப் பற்றியவை என்பதால் சிக்கல் எழவில்லை. 9 முதல் 15 வரை உள்ளவை சிகிச்சையைப் பற்றியவை. உடன்பிறந்தோர் சண்டையைத் தீர்ப்பது குறித்த ஒரு பக்கத்திடம் போய், 'சிகிச்சை பெறாவிட்டால் என்ன நேரும் என்று சொல்கிறதா' என்று கேட்பதில் பொருளே இல்லை. ஆனாலும் கட்டங்களைக் காலியாக விட மனமின்றி எல்லாவற்றுக்கும் 3 போட்டுக்கொண்டே வந்ததால், நல்ல தளமும் மோசமான தளமும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் வந்து நின்றன. 12 தளங்களின் தாள்களைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. பிறகு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1997இல் முன்வைத்த நான்கு அளவுகோல்களை மட்டும் வைத்துக்கொண்டேன்: எழுதியவர் யார், ஆதாரம் எது, பின்னால் இருப்பது யாருடைய பணம், எழுதிய காலம் எது. இவற்றோடு, படிப்பவர் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றாவது பக்கத்தில் இருக்கிறதா என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்து முத்திரை. ஜெனீவாவைச் சேர்ந்த 'ஹெல்த் ஆன் த நெட்' அமைப்பு எட்டுக் கோட்பாடுகளின் அடிப்படையில் தளங்களுக்கு வழங்கிய சான்று முத்திரை, என் பட்டியலில் இருந்த மூன்று தளங்களின் அடிப்பகுதியில் இருந்தது. அதற்காகவே இரண்டு மதிப்பெண் கூட்டிக் கொடுத்திருந்தேன். முத்திரையைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும் என்று வெகு நாள் கழித்துத்தான் தோன்றியது. சொடுக்கினால் எதுவும் திறக்கவில்லை. அந்த அமைப்பு 2022 டிசம்பரிலேயே தன் பணியை நிறுத்திவிட்டிருந்தது. படத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதேபோல, ஒரு தளம் தன்னை 'சான்று பெற்ற குடும்ப வாழ்வியல் கல்வித் தளம்' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தேசியக் குடும்ப உறவுகள் மன்றம் 1985 முதல் இத்துறையில் சான்று வழங்கி வருகிறது. ஆனால் அச்சான்று கற்பிக்கும் தனிமனிதருக்கு உரியதே அன்றித் தளத்துக்கு உரியதன்று. சான்று என்ற சொல்லைக் கண்டால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

என்னை மிகவும் வருத்தியது தேதிதான். கைக்குழந்தைப் பராமரிப்புப் பக்கம் ஒன்றின் கீழே 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று அந்த மாதத்துத் தேதி இருந்தது. உள்ளே, குழந்தையை மல்லாத்தியோ ஒருக்களித்தோ தூங்க வைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அவ்வாறு சொன்னது உண்மை; ஆனால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது பாதுகாப்பானதன்று என்று 2005இல் அதுவே அந்த வழியை விலக்கிவிட்டது. 'வேபேக் மெஷின்' என்னும் இணையக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தின் பழைய பிரதிகளைத் திறந்தபோது, தேதி மட்டுமே மாறிக்கொண்டு வந்திருப்பதும் பல ஆண்டுகளாக ஒரு வரிகூடத் திருத்தப்படாததும் தெரிந்தன. திடீர்க் குழந்தை இறப்போடு தொடர்புடைய அறிவுரை இது என்பதை எண்ணியபோது, அந்தத் தேதியை நம்பி அப்பக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்ததை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் ஒவ்வொரு தளத்திலும், இடைக்காலத்தில் மாறிவிட்ட அறிவுரை ஒன்றைத் தேடி, அங்கே பழையது இருக்கிறதா புதியது இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஒரு மணி நேரம் படிவம் நிரப்பியும் புலப்படாதது, இந்த வழியில் ஐந்து நிமிடத்தில் புலப்பட்டது.

தனி ஆளாக மதிப்பெண் போட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தம்பதியர் பேச்சுவார்த்தை குறித்த ஒரு பக்கத்தின் மொழி எளிமைக்கு நான் 4 கொடுத்திருந்தேன். உடன் மதிப்பிட்ட தோழி 2 கொடுத்தார். நெடுநேரம் வாதாடியும் முடிவு கிடைக்காததால், குழுவில் இருந்த ஒரு தாயிடம் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்து, இன்றிரவு வீட்டில் எதைச் செய்து பார்ப்பீர்கள் என்று கேட்டோம். ஆதாரங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்த அந்தப் பக்கத்திலிருந்து அவரால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. மேலும், அதிலிருந்த எல்லா எடுத்துக்காட்டுகளும் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்ற ஒரே அமைப்பிலேயே இருந்ததால், கணவரை இழந்து மாமியாரோடு வாழும் தனக்கு அதில் இடமில்லை என்றார். எங்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டமே இல்லை, அன்றே சேர்த்தோம்.

விளம்பரங்களைக் கண்டுபிடிப்பது எளிதாகவே முடிந்தது: கட்டுரையின் கடைசிப் பத்தி எப்போதும் ஒரே கட்டண ஆலோசனைச் செயலியில் போய் முடிந்தால், அது கட்டுரையன்று.

முடிவில் ஒன்பது தளங்கள் தேறின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாங்கள் பார்த்த தேதியைக் குறித்திருக்கிறோம். பிழை கண்ட தளங்களுக்கு, பக்கத்தின் முகவரி, தவறான வரி, இன்றைய பரிந்துரை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினேன். பெரும்பாலானவற்றிலிருந்து பதில் இல்லை. ஒரு தளம் எழுத்தாளர் தேவையா என்று கேட்டது. கைக்குழந்தைப் பக்கத்துக்கு மூன்று முறை எழுதிய பிறகும் பதில் வரவில்லை. ஆனால் சென்ற வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, 'ஒருக்களித்தோ' என்ற சொல் அங்கே இல்லை.