பக்கத்து வீட்டு வால்பேப்பர்

பிப்ரவரி 3
பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பால் கணக்கு நோட்டு கிடைத்தது. அட்டை போட்டிருப்பது ‘சோவியத் நாடு’ இதழின் தாளில். வழவழப்பு இன்னும் போகவில்லை. நம் வீடுகளில் அந்தத் தாளுக்கு அவ்வளவுதான் வேலை. கிழக்கு ஜெர்மனியிலோ ஒரு சோவியத் பத்திரிகையைப் பார்த்து அரசாங்கமே மிரண்டிருக்கிறது. இப்போது அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4
பத்திரிகையின் பெயர் ஸ்புட்னிக். சோவியத் ஏடுகளில் வந்ததைத் தொகுத்துத் தரும் மாத இதழ். சோவியத் தலைவராகக் கோர்பச்சேவ் வந்த பிறகு அதில் ஸ்டாலின் காலத்துக் கதைகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததில் ஜெர்மன் கம்யூனிஸ்டுகளின் தவறும் உண்டு என்று 1988 அக்டோபர் இதழ் எழுதிவிட்டது. கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹோனெக்கருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். நாஜிகளிடம் பிடிபட்டு 1935 முதல் 1945 வரை சிறையில் கிடந்த மனிதர் அவர்.

நவம்பரில் ஒரு குட்டி அறிவிப்பு: தபால் துறையின் பத்திரிகைப் பட்டியலிலிருந்து ஸ்புட்னிக் நீக்கம். ‘தடை’ என்ற சொல்லே கிடையாது. பத்திரிகை விநியோகம் முழுக்கத் தபால் துறை கையில் இருந்ததால் அதுவே போதும். காரணம்தான் வேடிக்கை: ஜெர்மன்–சோவியத் நட்பை வளர்க்க அது உதவவில்லையாம்! மாஸ்கோவில் தயாராகும் பத்திரிகை! கூடவே சில சோவியத் படங்களையும் தியேட்டர்களிலிருந்து தூக்கினார்கள். ஆளுங்கட்சிக்காரர்களே புகார்க் கடிதம் எழுதினார்கள்.

பிப்ரவரி 5
கரண்ட் இல்லை. கொஞ்சம்தான் படித்தேன். ‘சோவியத் யூனியனிடம் கற்பது வெல்லக் கற்பது’ என்று காலங்காலமாகக் கோஷம் போட்ட கட்சி இது. கோர்பச்சேவின் சீர்திருத்தங்களை நீங்களும் பின்பற்றுவீர்களா என்றதற்கு, அதன் சித்தாந்தப் பொறுப்பாளர் குர்ட் ஹாகர் 1987-ல் ஒரு பேட்டியில் கேட்டார்: பக்கத்து வீட்டுக்காரர் வால்பேப்பர் மாற்றினால் நாமும் மாற்றியே ஆக வேண்டுமா? ஊரே சிரித்தது. ஆனால் அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு ஜெர்மனி, முதலாளித்துவ மேற்கு ஜெர்மனி. சோசலிசத்தைத் தளர்த்தினால் தனி நாடாக இருப்பதற்கு வேறென்ன காரணம் மிஞ்சும்?

பிப்ரவரி 8
1989 அக்டோபர் 6, பெர்லினில் நாட்டின் 40-ஆம் ஆண்டு விழா. கட்சியின் இளைஞர் அணி தீப்பந்தம் ஏந்தி வருகிறது. மேடையில் ஹோனெக்கர், பக்கத்தில் கோர்பச்சேவ். கூட்டம் “கோர்பி! கோர்பி!” என்கிறது. போலந்துக் கட்சித் தலைவர் ராகோவ்ஸ்கி கோர்பச்சேவிடம் குனிந்து, என்ன கத்துகிறார்கள் என்று புரிகிறதா என்று கேட்டாராம். ‘எங்களைக் காப்பாற்று’ என்கிறார்கள், அதுவும் பொறுக்கியெடுத்த கட்சிப் பிள்ளைகள், கதை முடிந்தது என்று ராகோவ்ஸ்கியே சொன்னாராம்.

12 நாளில் ஹோனெக்கர் பதவி போனது. அப்புறம் ஸ்புட்னிக் தபால் பட்டியலுக்குத் திரும்பியது.