யானை கேக்கின் எலும்புக்கூடு

விலங்கு வடிவத்தில் கேக் கேட்டு யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "உட்கார்ந்திருக்கணுமா, நின்னுட்டிருக்கணுமா?" என்பதுதான். சுவையும் நிறமும் அப்புறம். உட்கார்ந்த கரடிக்கு எடை நேராகப் பலகையில் இறங்கிவிடும். நடுவில் ஒரு கம்பி, நாலு அங்குலத்துக்கு ஓர் அட்டை, அவ்வளவு போதும். நாலு காலில் நிற்கும் யானை அப்படியில்லை. வயிற்றுக்குக் கீழே வெறும் காற்று. மேலே ஆறேழு கிலோ கேக்.

அதனால் யானையைப் பக்கவாட்டில் முழு அளவில் பேப்பரில் வரைந்து, கம்பி போகும் வழியைக் கோடு போட்ட பிறகுதான் கேக் சுடும் ஓவனைச் சூடாக்குவேன். அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட். அதில் நான்கு துளைகள், நான்கு திரெட் ராடுகள் (நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பிகள்), பலகைக்கு மேலும் கீழும் வாஷரும் நட்டும். அடியில் நட்டு துருத்துமே என்று இரண்டு ரீப்பர் கட்டைகளை அடித்துப் பலகையைத் தூக்கிக்கொள்வேன். ராடுகளின் மேல்முனையில், வயிற்று உயரத்தில், உடம்பைவிடச் சற்றுச் சிறிய இன்னொரு பலகை. அதன்மேல் உள்ளங்கையை ஊன்றி ஆட்டிப் பார்ப்பேன். இம்மி அசைந்தாலும் நட்டுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்குவேன். கேக் ஏறிவிட்டால் உள்ளே கைவிட வழியில்லை.

ராடில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் குழாயை உறைபோல மாட்டுவேன். பலகைக்கு ஃபாயில் சுற்றி, கேக் அட்டை ஒட்டுவேன். இதில் சோம்பல்படுகிறவர்கள் இந்த வேலைக்கே வரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம். அதையும் கேக்கில் செய்தால் எடை முழுக்க முன்னங்கால் பக்கம் சாயும். மார்ஷ்மெல்லோவை வெண்ணெயில் உருக்கி அரிசிப் பொரியைக் கிளறி, சூடு ஆறுவதற்குள் அழுத்திப் பிடித்தால் தலையும் காலும் லேசாக, கெட்டியாக வரும். தும்பிக்கைக்கு அலுமினியக் கம்பி, மேலே களிமண் போலப் பிசைந்து உருவம் செய்யும் மாடலிங் சாக்லேட். உடம்புக்கு ஸ்பாஞ்ச் ஒத்துவராது, செதுக்கினால் உதிரும். பட்டர் கேக் அல்லது மட் கேக் எனும் அடர்த்தியான சாக்லேட் கேக்தான். மேலே பூசும் டார்க் சாக்லேட் கனாஷுக்கு, அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சுக்கு, சாக்லேட் 2 பங்கு, கிரீம் 1 பங்கு. சென்னை மே மாத வெயிலில் சாக்லேட்டை இன்னும் கூட்டியாக வேண்டும்.

"எல்லாமே சாப்பிடுற மாதிரி இருக்கணும் மேடம்" என்று பிடிவாதமாகக் கேட்பவர்களிடம் யானையை உட்கார வைத்துவிடலாம், நடுக்கம்பியும் அட்டையும் மட்டும்தான் சாப்பிட முடியாது என்று பேசிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நிற்கத்தான் வேண்டும் என்றால், உள்ளே இத்தனை கம்பியும் பலகையும் இருப்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவேன். கேக்கைக் கொண்டுபோய் வைத்ததும் வரைந்த பேப்பரை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, வயிற்றுப் பலகைக்கு மேலே மட்டும் கத்தி வைக்கச் சொல்வேன். தும்பிக்கையை எந்தக் குழந்தை எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்கக்கூடாது என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன்.