கட் சைஸ்: ஆண்கள் ஆடைப் பிரிவில் என் இன்டர்ன்ஷிப்

தரமணி நிஃப்ட்டில் ஃபேஷன் மேனேஜ்மென்ட் படித்தபோது, கோடை இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னையில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஆண்கள் ஆடைப் பிரிவு கிடைத்தது. மெர்ச்சண்டைசிங் வேலை, அதாவது எந்தச் சரக்கை எவ்வளவு, எந்த சைஸில் வைப்பது என்று பார்ப்பது. அடுத்த பேட்ச் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

இன்டர்வியூவுக்குப் பயப்பட வேண்டாம். லூயி ஃபிலிப், வான் ஹியூசன், ஆலன் சாலி, பீட்டர் இங்கிலாந்து என்ற நான்கு ஆடை பிராண்டுகளையும் இந்தியாவில் நடத்துவது யார் என்று கேட்டார்கள். இப்போது ஆதித்ய பிர்லா குழுமம், 1999 வரை மதுரா கோட்ஸ். அப்புறம் செல் த்ரூ, ஸ்டாக் கவர் இரண்டுக்கும் கணக்குப் போடச் சொன்னார்கள். வந்த சரக்கில் எத்தனை சதவீதம் விற்றது என்பது செல் த்ரூ. மிச்சமிருப்பது இப்போதைய வேகத்தில் விற்றால் எத்தனை வாரம் தாங்கும் என்பது கவர். எக்செலில் பிவட் டேபிள் கை பழகியிருந்தால் நல்லது.

முதலில் ஃப்ளோரில்தான், அதாவது வாடிக்கையாளர் வந்து வாங்கும் தளத்தில்தான் விடுவார்கள். மடிப்பது, டேக் பார்ப்பது, டிரையல் ரூமில் இருந்து வரும் துணியைத் திரும்ப அடுக்குவது. என் கூடப் படித்த சிலருக்கு இதில் வருத்தம், படிப்புக்கு ஏற்ற வேலை இல்லையாம். எனக்கு மொத்த இன்டர்ன்ஷிப்பிலும் உருப்படியான பகுதி இதுதான்.

ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42, 44 என்று போட்டிருப்பது காலர் அளவு, சென்டிமீட்டரில். நிறைய பேர் அதை நெஞ்சளவு என்று நினைத்து எடுத்துப் போவார்கள். டிரையல் ரூம் கதவு திறக்கும். "நாப்பது டைட்டா இருக்கு, நாப்பத்திரண்டு இருக்கா?" சேல்ஸ் பையன் ஸ்டாக் ரூமுக்கு ஓடுவான், வெறுங்கையோடு வருவான். "இதுல இல்ல சார், வேற டிசைன் பாருங்க." அவர் பார்க்க மாட்டார். மனதுக்குப் பிடித்தது அந்தச் சட்டை. இந்த உரையாடல் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. பில் போட்டது மட்டும்தான் சிஸ்டத்துக்குத் தெரியும்.

இது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஒரு டிசைனில் 12 சட்டை வருகிறது: 38-இல் 2, 39-இல் 2, 40-இல் 3, 42-இல் 3, 44-இல் 2. 40-ம் 42-ம் சீக்கிரமே காலி, 39-இல் ஒன்று போகிறது. ஏழு விற்றாயிற்று, செல் த்ரூ 58 சதவீதம். அதற்குமேல் நகராது, கேட்கிற சைஸ் இல்லையே. வாரா வாரம் விற்பனை பூஜ்யம் என்று வரும். ஹெட் ஆபீசில் பார்க்கிறவர்களுக்கு அது ஓடாத டிசைன். ஜூலையில் சீசன் சேல், அதோடு ஆடித் தள்ளுபடி. பட்டியல் தயாராகும்போது இந்தச் சட்டையும் அதில் சேர்ந்துவிடும். உண்மையில் அது நன்றாக ஓடிய சட்டை! கடைக்காரர்கள் இப்படிச் சைஸ் உடைந்து நிற்கும் சரக்கைக் கட் சைஸ் என்பார்கள்.

ஆல்டரேஷன் அண்ணாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பேன்ட் கால் நீளம் எத்தனை அங்குலம் வெட்டினார், இடுப்பு எவ்வளவு பிரித்துவிட்டார், எல்லாம் பென்சிலில். பில் நம்பரோடு. "இதையெல்லாம் யாரும் கேக்கிறதில்லம்மா" என்றார். நான் உட்கார்ந்து டைப் செய்தேன். இடுப்பு பிரித்தவை பெரும்பாலும் 34. அந்த பேன்ட்டில் 36 ரேக்கில் இல்லாத நாட்களாகப் பார்த்து வந்திருந்தன.

என் ப்ராஜெக்ட் அதிலிருந்து பிறந்தது. டிரையல் ரூம் வாசலில், கேட்டும் கிடைக்காத சைஸ்களைக் குறித்து வைத்தேன். அதை விற்பனை ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தள்ளுபடிப் பட்டியலில் இருந்த டிசைன்களில் கணிசமானவை வெறும் கட் சைஸ் என்று தெரிந்தது. என் வேலையைப் பார்த்துக்கொண்ட மேடம் அதைப் பார்த்துவிட்டு, கடையின் சொந்த பிராண்ட் சட்டைகளை மட்டும் தனியாகப் போடச் சொன்னார். காரணம் உண்டு. வெளி பிராண்டுகள் பலவும் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் வருகின்றன. சொந்த பிராண்ட் கடை முழுப் பணம் கொடுத்து எடுத்தது, தப்பான சைஸ் கலவையின் நஷ்டம் முழுக்கக் கடையுடையது.

சேல் தொடங்கும் முன்பே சில டிசைன்களுக்கு மற்றக் கிளைகளில் மிச்சமிருந்ததை வரவழைத்து, செட் சேர்த்து, முழு விலையிலேயே வைத்தார்கள். வழக்கமான வேலைதான், ஸ்டோர் டிரான்ஸ்ஃபர். இந்த முறை எந்த டிசைனுக்கு என்பதை என் பட்டியல் சொன்னது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. தீபாவளி ஆர்டரில் அரைக்கை சட்டைக்கு 42-ம் 44-ம் கூட்டிப் போட்டதாக மேடம் பிறகு சொன்னார்.

போகிறவர்களுக்கு ஒன்று. கடையின் விற்பனை எண்களைக் கல்லூரி அறிக்கையில் அப்படியே போட விடமாட்டார்கள். முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எல்லாவற்றையும் நூறை அடிப்படையாக வைத்த குறியீடாக மாற்றிக் கொடுத்தேன், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள், ஃப்ளோரில் உட்கார இடம் கிடையாது.